கப்பலாற் சென்று கரையிறங்குவோர்க்கு

மத்தியதரைக் கடலிலே உல்லாசக் கப்பலேறி ஒரு கிழமைக்குள் மூன்று நான்கு தேசங்களைக் கண்டு வருதல் இன்று செல்வந்தர்க்கு மட்டும் உரிய காரியமன்று. இலண்டனிலும் பாரிசிலும் வாழும் எம்மவரிற் சிலர் பள்ளி விடுமுறையில் இப்பிரயாணத்தை மேற்கொள்கின்றனர். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து உடன் அழைத்துச் செல்வோரும் உளர். கப்பற் கட்டணத்தில் அறையும் உணவும் அடங்கிவிடுவதால் செலவு இவ்வளவுதான் என்று மனம் நிம்மதியடைகின்றது. கணக்குப் பிழைப்பது கடலில் அன்று, கரையிலேதான்.

கப்பல் ஒவ்வொரு துறையை அடையும்போதும் ஊர் பார்க்கச் செல்வோருக்கெனக் கப்பற் கம்பனியார் தாமே பஸ் வண்டியும் வழிகாட்டியும் ஒழுங்கு செய்கின்றனர். இவற்றைக் கரைச் சுற்றுலா என்பர். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பதே அங்கு வழக்கம். ஒருவருக்கு 100 யூரோ என வைத்துக்கொள்வோம். தாயும் தகப்பனும் இரு பிள்ளைகளும் அம்மம்மாவுமாக ஐவர் சென்றால் ஒரு துறைக்கு 500 யூரோ. ஐந்து துறைகளுக்கு 2500 யூரோ. கப்பலிற் செல்வதற்குச் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசைக் கப்பலை விட்டு இறங்குவதற்கும் மறுபடி சேர்க்கவேண்டியதாகின்றது.

இந்தக் கட்டணத்தில் பஸ் கூலியும் வழிகாட்டியின் சம்பளமும் கம்பனியின் ஆதாயமும் அடங்கியுள்ளன. அவற்றோடு இன்னொன்றும் விற்கப்படுகின்றது. அது பயத்துக்கு மருந்து. கம்பனியின் சுற்றுலாவிற் சென்ற பஸ் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். நிற்க இயலாவிடின், பிந்தியவர்களை அடுத்த துறையிற் கொண்டு சேர்ப்பதைக் கம்பனி தன் பொறுப்பாகக் கொள்ளும். தாமாகப் போனவர் பிந்தினால் கப்பல் போய்விடும்; அடுத்த துறையைத் தம் செலவிலேயே தேடிச் சென்றடைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு துறையிலும் குடும்பத்தவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இவ்விடத்தில் அந்த மருந்து எமக்கு வேண்டுமா?

விடை பெரும்பாலும் தூரத்தைப் பொறுத்தது. விளம்பரத்திற் காணும் பெயரை நம்புதல் கூடாது. "உரோமாபுரி" என அச்சிட்டிருக்கும். கப்பல் நிற்பதோ ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சிவித்தாவெக்கியாவில். "புளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ என்று கொள்க. பெருங் கப்பல்கள் வெனிஸ் நகரின் நடுவே செல்வதை 2021 ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு தடுத்துவிட்டமையால், "வெனிஸ்" என்ற பெயருக்குப் பின்னால் நூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ள ரவென்னா மறைந்திருப்பதும் உண்டு. பிரயாணத்துக்குப் பணம் கட்டுமுன் தேசப்படத்தை விரித்து, துறைக்கும் நகருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளைகளைக் கொண்டே அளப்பித்தல் நன்று. பூமிசாத்திரப் பாடம் இவ்வளவு இலாபகரமாய் அமைவது அரிது.

தூரம் அதிகமெனினும் புகையிரதம் இருக்குமாயின் அஞ்சவேண்டியதில்லை. சிவித்தாவெக்கியா, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திராஜன் சக்கரவர்த்தி அமைப்பித்த பழந்துறை. கப்பலடியிலிருந்து துறைமுக வாயிலுக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து நிலையத்துக்கு நடந்தோ வேறு பஸ்ஸிலோ போகலாம். உரோமாபுரியின் பெரிய நிலையமாகிய தெர்மினிக்கே எல்லாரும் சீட்டெடுக்கின்றனர். ஆனால் பாப்பரசரின் வத்திக்கானைக் காண விரும்புவோர் அதற்கு முன்னதாகவே சான் பியேத்றோ என்னும் சிறு நிலையத்தில் இறங்கிவிடலாம்; புனித இராயப்பர் பேராலயம் அங்கிருந்து கால் மணித்தியால நடைதான். ஆலயத்துள் நுழையக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருத்தல் வேண்டும் என்னும் விதி எங்கள் பெண்மணிகளுக்குச் சங்கடம் தருவதன்று. காற்சட்டை அணிந்த தம்பிமார்தாம் வாயிலில் தடுக்கப்படுவர். புதன்கிழமை காலையிற் சதுக்கத்திலே பாப்பரசரின் பொதுச் சந்திப்பு நடைபெறுமாயின் ஆலயத்துள் செல்ல நண்பகல் வரை பொறுத்திருக்க நேரிடும். கப்பல் எக்கிழமையில் அங்கு சேர்கின்றது என்று பார்த்துக்கொள்க.

கடதாசிச் சீட்டெடுத்தவர்கள் வண்டியேறுமுன் மேடையிலுள்ள பொறியில் அதற்கு முத்திரையிடல் வேண்டும். மறந்தால் அபராதம்; ஐவர்க்கும் அபராதமெனில் மிச்சம் பிடித்த காசு அங்கேயே கரைந்துவிடும். தண்ணீருக்குக் காசு கொடுப்பதோ வீண். உரோமாபுரித் தெருக்களில் ஓயாது நீர் சொரியும் இரும்புக் குழாய்த் தூண்கள் 2000க்கு மேல் உள்ளன. நீர் குடிக்கத் தக்கது. வெறும் போத்தல் ஒன்று கையிலிருந்தாற் போதும்.

இத்தாலியிற் பிள்ளைகளோடு செல்வோர்க்கு இன்னொரு சலுகையும் உண்டு. அரசின் அரும்பொருட்சாலைகளிலும் புராதன இடங்களிலும் 18 வயது நிரம்பாதவர்க்கு அநுமதி இலவசம், எத்தேசத்தவராயினும் சரியே. உரோமாபுரியின் கொலோசியமும் பொம்பெயியும் இதில் அடங்கும். இலவசமாயினும் சீட்டு எடுக்கவே வேண்டும். வயதுக்குச் சான்று காட்டவும் வேண்டும். கம்பனியின் சுற்றுலாவில் பிள்ளைக்கும் பெருங் கட்டணம் கேட்கப்படும்போது இந்த விதியை நினைவிற் கொள்ளுதல் தகும்.

பொம்பெயி என்றோம். கி.பி. 79 இல் வெசுவியஸ் எரிமலை சாம்பலால் மூடிய நகரம் அது. கப்பல் நேப்பிள்ஸ் நகரின் நடுவிலேயே கட்டப்படுகின்றது. இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் நிலக்கீழ்ப் புகையிரதம். அதிற் கரிபால்டி நிலையம் சென்று, எரிமலையைச் சுற்றியோடும் சிறு புகையிரதத்துக்கு மாறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் பொம்பெயியின் வாயிலருகே இறங்கலாம். வண்டி பழையது, நெருக்கம் மிகுந்தது. சட்டைப்பையில் ஒரு கண் இருக்கவேண்டும். 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேரே உள்ளே விடப்படுகின்றனர். சீட்டிலும் பெயர் குறிக்கப்படுகின்றது. ஆதலின் முன்கூட்டியே சீட்டு வாங்கிவிடுதல் உத்தமம். மரநிழல் குறைவு, உரோமர் பாவிய கற்றெருக்கள் மேடும் பள்ளமுமானவை. முதியவர் நடக்க மாட்டாராயின் அதே வழியில் முன்னதாக வரும் எர்க்கொலானோவில் இறங்கலாம். அங்குள்ள பழநகர் அளவிற் சிறியது. கருகிய மரவிட்டங்களும் மாடிகளும்கூட எஞ்சியிருப்பதால் சிலர்க்குப் பொம்பெயியினும் பிடித்துப்போகின்றது. எமக்கும் அப்படியே.

லிவோர்னோவில் ஆசையை அடக்குதல் வேண்டும். அங்கிருந்து பீசா கால் மணித்தியாலப் புகையிரதப் பிரயாணம். புளோரன்ஸுக்கோ ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். அதற்கு முன் கப்பலடியிலிருந்து நகர மத்திக்கு ஒரு பஸ், மத்தியிலிருந்து நிலையத்துக்கு இன்னொரு பஸ். இரண்டு நகரையும் ஒரே நாளிற் பார்ப்போம் என்று புறப்படுவோர் அநேகமாக நிலையங்களையே பார்த்துத் திரும்புவர். ஆறேழு பேர் உள்ள குடும்பமாயின் சாரதியோடு வான் ஒன்றை வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். அதற்கு வண்டிக்குத்தான் கூலி, தலைக்கன்று; ஆட்கள் கூடக்கூடப் பங்கு குறையும். இருவர் மட்டும் செல்லும்போது இக்கணக்கு தலைகீழாகிவிடும்.

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறை எளிது. 1869 இல் ஓடத் தொடங்கிய பழம் புகையிரதப் பாதையே இன்று ஏதென்ஸ் நகர இரயிலின் பச்சை வழியாக உள்ளது. அது பிரேயஸிலேயே தொடங்குவதால் இருந்து போக இடம் கிடைக்கும். அக்குரோபொலிஸ் குன்றின் நுழைவுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 30 யூரோவாக உயர்த்தப்பட்டது. சீட்டில் நேரமும் குறிக்கப்படும். இதையும் முன்னரே வாங்குக.

இனி, காசைக் கொடுத்துவிடுவதே புத்தி எனத்தக்க இடமும் ஒன்று உண்டு. அது சந்தோரினி. அங்கே கப்பல் கரையை அணையாது. நடுக்கடலில் நிற்கச் சிறு படகுகளிற் கரை சேரவேண்டும். செங்குத்தான மலையின் உச்சியில் ஊர். மேலே போகக் கம்பிவட வண்டி, அல்லது 600க்குச் சற்றுக் குறைந்த படிகள், அல்லது கழுதை. பல கப்பல்கள் ஒரே நாளில் வந்துவிட்டால் கம்பிவட வண்டிக்கு வெயிலில் நெடுநேரம் நிற்க நேரும். கம்பனியின் சுற்றுலாவிற் செல்வோரை வேறொரு துறையில் இறக்கிப் பஸ்ஸில் மேலேற்றுவதே பெரும்பாலும் வழக்கம். முழங்கால் நோவுள்ள அம்மம்மாவை உடன் அழைத்துச் சென்றுவிட்டு, அவரைப் படியடியில் நிறுத்தி மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. இறங்கும்போது எல்லாருமே கம்பிவட வண்டியைத்தான் நம்பவேண்டியிருக்கும். ஆகையால் படகுக்கு வெகு நேரத்துக்கு முன்னரே வரிசையிற் சேர்ந்துவிடுக.

தாமாகச் செல்வோர் கைக்கடிகாரத்தைக் கப்பலின் நேரத்துக்கே வைத்திருத்தல் வேண்டும். ஊர் நேரமும் கப்பல் நேரமும் சிற்சில துறைகளில் வேறுபடும். ஏறவேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகத் துறைமுகப் பட்டினத்துக்குத் திரும்பிவிடுவது எமது சம்மதம். இத்தாலியிற் புகையிரத வேலைநிறுத்தம் புதுமையன்று; முதல் நாள் விசாரித்துக்கொள்க. கப்பலில் நாள்தோறும் தரப்படும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமற் கரையிறங்கலாகாது.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர்க்கு இன்னொரு சொல். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், மால்டா, 2023 முதல் குரோவேசியா ஆகிய யாவும் ஒரே செங்கன் அநுமதியின்கீழ் வருவன. கப்பல் இடையிலே துருக்கிக்குப் போய்த் திரும்புமாயின், ஒருமுறை நுழையும் அநுமதி போதாது; பலமுறை நுழையும் அநுமதி வேண்டும். இதிற் பிழைத்தால் இழப்பது சுற்றுலாக் கட்டணம் மட்டுமன்று, முழுப் பிரயாணமுமே.

மால்டாவின் வலெற்றா நகரிலோ ஒரு சதமும் கொடாமல் அரை நாளைக் கழிக்கலாம். கப்பல் கோட்டை மதிலின் அடியிலேயே நிற்கும். 58 மீற்றர் உயரமுள்ள மின்தூக்கி சிறு கட்டணத்துக்கு மேலேற்றிவிடும்; கால் வல்லவர் நடந்தே ஏறலாம். உச்சியில் மேல் பறாக்காத் தோட்டம். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் எமக்குப் புதியவரல்லர்: 1805 முதல் 1811 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்து, கல்கிசைக் கடலோரத்தில் மாளிகை எழுப்பிய சேர் தோமஸ் மெயிற்லண்ட். பின்னர் 1813 இல் மால்டாவின் தேசாதிபதியாகி 1824 இல் அங்கேயே இறந்தார். தோட்டத்துக்குக் கீழேயுள்ள மேடையில் நண்பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிக்கும். மேலே நின்று பார்ப்பதற்குக் கட்டணமில்லை; ஆனால் பதினொன்றரை மணிக்கே கைபிடிச் சுவரோரம் இடம் பிடித்துவிடவேண்டும். சிறு பிள்ளைகளைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.