டி டிரைவ்ல இருக்கு, பயமில்ல

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். ஒருவர் கையில் இறந்தவரின் போட்டோ, இன்னொருவர் வாயில் பேரன் பேத்திகளின் பெயர் வரிசை. விடிவதற்குள் டிரேசிங் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து விருத்தாசலம் அச்சகத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். 1999-இல் மங்கலம்பேட்டையில் ஒற்றை அறையில், ஒற்றைக் கம்ப்யூட்டரோடு டி.டி.பி. கடை வைத்திருந்தேன். அப்படி ஓர் இரவில் திரை கறுத்து நின்றது. டிஸ்கில் சிஸ்டம் இல்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று ஒரே வரி. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

டப்பாவுக்குள் பாலிதீன் பையில் சுற்றி ஒரு ஃப்ளாப்பி இருந்தது. மேலே ஒட்டிய தாளில் பேனாவால் ‘பூட்’ என்று எழுதியிருந்தேன். விண்டோஸ் 98-இல் கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஸ்டார்ட்அப் டிஸ்க் என்பதைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் ஒன்று தயாராகிவிடும். அதன் மொத்தக் கொள்ளளவு 1.44 எம்.பி.தான். அதைச் செருகி மெஷினைத் தட்டினால் கர்ர், கர்ர் என்று மாவு மில் தொலைவில் ஓடுவதுபோல ஒரு சத்தம் வரும். பிறகு ஏ என்ற எழுத்தோடு கர்சர் கண் சிமிட்டும். ‘சிஸ் சி’ என்று ஒரு கட்டளை கொடுத்தால், காணாமல் போன தொடக்கக் கோப்புகளை ஃப்ளாப்பி ஹார்டு டிஸ்கில் திருப்பி எழுதிவிடும். அன்றிரவு அப்படித்தான் பிழைத்தேன். போஸ்டரில் ஒரு பேரன் பெயர் விட்டுப்போனதற்குக் கம்ப்யூட்டர் பொறுப்பில்லை.

பூட் ஆவது வேறு, உள்ளே இருப்பதைக் காப்பது வேறு. இதை அன்றைக்குத் தொழிலில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் ஹார்டு டிஸ்க் 4.3 ஜி.பி. முழுவதையும் ஃப்ளாப்பியில் எடுக்க நினைத்தால் ஏறக்குறைய மூவாயிரம் வேண்டும். ஆகவே எது போனால் தொழில் போகும் என்று உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும். கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள். இவற்றைச் சுருக்கி, துண்டு துண்டாக்கி, பன்னிரண்டு ஃப்ளாப்பிகளில் ஏற்றுவேன். பதினொன்றாவது கெட்டிருந்தால் மீதி பதினொன்றும் வீண். கார்த்திகை அடைமழை முடிந்து எடுத்துப் பார்த்தால் உள்ளே காந்தத் தகட்டில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும். அதனால் எடுத்து வைத்ததோடு விடாமல், மாதம் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் தானாக வந்தது. இதை ஒழுக்கம் என்று பெருமை பேச மாட்டேன். எதையும் நம்ப முடியாத காலம், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஏப்ரல் 26 எங்கள் தொழிலில் மறக்க முடியாத நாள். தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ், செர்னோபில் அணுவுலை விபத்தின் நினைவு நாளில் வெடித்தது. டிஸ்கின் முதல் ஒரு எம்.பி.யைச் சுழியமாக நிரப்பியது. சில மதர்போர்டுகளில் பயாஸையே அழித்து, பூட் ஃப்ளாப்பிக்குக்கூட எழும்பாத பிணமாக்கியது. என் மெஷின் தப்பியதற்குக் காரணம் என் சாமர்த்தியமில்லை. அன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை.

பிறகு சி.டி. ரைட்டர் வந்தது. கோஸ்ட் என்ற மென்பொருள் வந்தது. மொத்த சி டிரைவையும் ஒரே படமாகப் பிடித்து வைத்து, கெட்டுப்போனால் அரை மணியில் திருப்பிப் போடும். கடைக்காரர்களுக்கு அது சஞ்சீவி மூலிகை. அது வந்த பிறகுதான் ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்பது மங்கலம்பேட்டையில் எல்லா நோய்க்கும் மருந்தானது.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். தமிழ் டி.டி.பி.யில் கோப்பை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை. யூனிகோடுக்கு முந்தைய காலம். ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் கணக்கு. பேஜ்மேக்கர் கோப்பு பத்திரமாக இருக்கும். ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் கொம்பும் கோடுமாக, யாரோ திட்டியதுபோலத் தெரியும். சில ஃபான்ட்டுகளுக்கு டாங்கிள் என்ற சிறு பூட்டை மெஷினின் பின்புறம் செருகியிருக்க வேண்டும். டாங்கிள் தொலைந்தால் ஐந்து வருட வேலையும் தொலைந்ததுதான். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் என் பழைய சி.டி.க்கள் அந்த ஊமைப் பாஷையையே பேசிக்கொண்டிருக்கின்றன. காப்பு என்பது கோப்பு மட்டுமல்ல, அதைப் படிக்கும் கருவியும் சேர்ந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

எங்களுக்குப் பக்கத்தில்தான் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரம் ஊர் ஊராகப் போகும், நாங்கள் யு.பி.எஸ். பீப் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். 2012 வாக்கில் வெட்டு உச்சத்துக்குப் போனபோது, எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து பல ஹார்டு டிஸ்குகள் செத்தன. அதற்குச் சற்று முன்பு, 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரிக் காடுகளும் சாய்ந்தது ஊரறிந்த கதை. என் கடையில் போனது ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதன் வழியே இறங்கிய மழை மேசை மேலிருந்த மெஷினையும், அதே மேசை இழுப்பறையில் நான் அக்கறையாக அடுக்கி வைத்திருந்த காப்பு சி.டி.க்களையும் ஒரே நேரத்தில் நனைத்தது. காப்பு எடுத்திருந்தேன், ஆனால் இரண்டுக்கும் ஒரே கூரை.

காப்பை வேறொரு கூரையின்கீழ் வைப்பதை நம் முன்னோர் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். தேவார ஏடுகள் எதிலும் கிடைக்காத சம்பந்தர் பதிகம் ஒன்று, திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டெடுக்கப்பட்டது. ஏட்டைக் கரையான் தின்றாலும் கல் வேறு ஊரில் நின்றது. பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய மூன்று, இரண்டு, ஒன்று என்ற விதியும் இதைத்தான் கேட்கிறது: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியூரில். என் வெளியூர் விருத்தாசலத்தில் தங்கை வீட்டு பீரோ.

2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதும் கடைக்கு வரும் முகங்கள் மாறின. பத்திரிகை அடிக்க வந்தவர்களுக்குப் பதில் பிளஸ் டூ பிள்ளைகள். “அண்ணே, ஃபார்மட் பண்ணிக் கொடுங்க” என்பார்கள். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். பிள்ளைகள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். எனக்கோ அது கைகண்ட மருந்து. விண்டோஸ் எழும்பவில்லையா, பாஸில் நுழைந்து, அந்தப் பக்கத்துக் கோப்புகளைப் பென்டிரைவுக்கு இழுத்துவிடலாம். ரெக்கவரி டிரைவ் உள்ளேயே குடியிருந்தது, பெயர்தான் வேறு. அதே காலத்தில் ஷார்ட்கட் வைரஸ் வந்து பென்டிரைவில் உள்ள ஃபோல்டர்களை எல்லாம் மறைத்துவைத்துப் போலிகளை நிறுத்தியது. ‘எல்லாம் போச்சு’ என்று அழுதுகொண்டு வந்த பாலிடெக்னிக் பையன் ஒருவனுக்கு ஒரே வரிக் கட்டளையில் புராஜெக்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் என் காலில் விழப் பார்த்தான். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு வருவோம். போன மாசி மாதம் ஒரு ஸ்டுடியோக்காரத் தம்பி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகூர்த்த சீசன், ஆறு கல்யாண ஆல்பம் உள்ளே.

“பேக்கப் இருக்கா தம்பி?”

“இருக்கண்ணே. எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு, பயமில்ல.”

இந்த வாக்கியத்தை நான் இருபத்தைந்து வருடமாகக் கேட்கிறேன். சி என்பதும் டி என்பதும் ஒரே வயலில் போட்ட வரப்பு. வெள்ளம் வந்தால் இரண்டு பாத்தியும் சேர்ந்துதான் முழுகும். இந்த நம்பிக்கையை விதைத்ததில் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கும் பங்குண்டு. விண்டோஸை மறுபடி போடும்போது சி மட்டும் அழியும், டி நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து டி என்றால் இரும்புப் பெட்டி என்று ஊரே நம்பிவிட்டது.

பழைய ஹார்டு டிஸ்க் சாகப் போகும் முன் சத்தம் போடும். கடக், கடக் என்று ஒரு வாரமாவது முனகும். அதற்குள் கழற்றி வேறு மெஷினில் மாட்டி உள்ளதை உருவலாம். இப்போதுள்ள எஸ்.எஸ்.டி. பல நேரம் அந்த மரியாதையைக்கூடச் செய்வதில்லை. நேற்று இருந்தது, இன்று இல்லை. அழித்த கோப்பைத் தோண்டி எடுப்பதும் முன்போல் முடியாது. அழித்த இடத்தை அதுவே பின்னணியில் துடைத்து வைத்துவிடுகிறது. அன்றைக்குக் காப்பு எடுப்பது பிரம்மப் பிரயத்தனம், மீட்பது கொஞ்சம் சுலபம். இன்றைக்கு 64 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் நாற்பத்து நாலாயிரம் ஃப்ளாப்பி அடங்கும். எடுப்பது அவ்வளவு சுலபமாகிவிட்டதால் எடுப்பவர் இல்லை. மீட்பதோ இரட்டிப்புக் கஷ்டம்.

கஷ்டத்தில் பெரிய கஷ்டம் பூட்டு. 2024 கடைசியில் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் டிஸ்க் தானாகவே குறியாக்கமாகிவிடுகிறது. ஏதாவது கோளாறு என்றால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி அந்தக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு? மெஷின் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரமாக உருவாக்கியது. பாஸ்வேர்டு அவனுக்கும் நினைவில்லை. எனக்கு உடனே நினைவுக்கு வருவது சிதம்பரம். திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதைப்படி, தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் இருந்தன. தேவாரம் பாடிய மூவரின் கை இலச்சினை இட்ட பூட்டு, அவர்களே வந்தால்தான் திறக்கும் என்றார்களாம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி துணையோடு அரசன் மூவர் திருமேனிகளையே எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே புற்று. கரையான் விட்டுவைத்ததுதான் நம் கைக்கு வந்தது. ஏடு இருந்தும் சாவி இல்லாமல் காத்திருந்த காலத்தில் தின்றது அது. ஆகவே கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அந்த 48 எண்ணைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் பையில் வைக்கச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள்.

யாரும் சிரிக்காத நாள் ஒன்று அதற்குச் சற்று முன்பே வந்திருந்தது. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை மேகமும் இணையமும் இருந்தும், பல இடங்களில் ஆள் ஒவ்வொரு மெஷினாகப் போய் உட்கார்ந்துதான் எழுப்ப வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கென்றே பென்டிரைவில் ஏற்றும் மீட்புக் கருவியை வெளியிட்டது. என் பிஸ்கட் டப்பா நினைவுக்கு வந்தது. குறியாக்கச் சாவி கையில் இல்லாதவர்கள் அங்கேயும் வாசலிலேயே நின்றார்கள்.

அப்படி ஒரு மீட்புப் பென்டிரைவ் செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மெஷின் நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டும். பல பேர் மெஷின் செத்த பிறகுதான் கேட்கிறார்கள். 32 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால் குலதெய்வக் கோயில் வீடியோ இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். தேடும் பெட்டியில் ரெக்கவரி டிரைவ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதை உருவாக்கும் கருவி வரும். சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸை மறுபடி போட உதவாது. பிறகு டீ குடிக்கப் போகலாம், நேரமெடுக்கும். மெஷின் தொடங்கும்போது டெல், லெனோவாவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து எழும்ப என்று கேட்கும். இந்தப் பென்டிரைவில் உங்கள் போட்டோவோ கணக்கோ ஒன்றுகூட இருக்காது. இது கதவைத் திறக்கும் ஆள் மட்டுமே. வீட்டுச் சாமான்களுக்குத் தனியாக எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும், எடுத்ததும் கழற்றி வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

கூகுள் டிரைவில் போகிறதே என்பார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் மெஷினோடு சேர்ந்து இயங்கும் அந்த ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இலவச இடம் 15 ஜி.பி.; கல்யாண வீடியோ ஒன்றுக்கே காணாது.

ஸ்டுடியோத் தம்பியின் எஸ்.எஸ்.டி. எழும்பவேயில்லை. ஆறில் நான்கு கல்யாணம், கேமரா கார்டுகளை அவர் அழிக்காமல் விட்டிருந்ததால் கிடைத்தது. மற்ற இரண்டு வீட்டிலும் அவர் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் வந்து இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிப் போனார். ஒன்று மாமியார் வீட்டுக்கு.

ரெக்கவரி டிரைவை வருடத்துக்கு ஒருமுறை புதிதாக உருவாக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். தேதி வைத்துச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் நான் ஆயுத பூஜைக் கணக்கு வைத்திருக்கிறேன். முந்தின நாள் தூசு தட்டும்போதே புது ரெக்கவரி டிரைவும் புதுக் காப்பும் எடுத்துவிடுவேன். மறுநாள் சி.பி.யு.வுக்குச் சந்தனம், மானிட்டருக்குக் குங்குமம், பிரிண்டருக்குக் கதம்ப மாலை. பென்டிரைவுக்கும் ஒரு பொட்டு உண்டு, மூடியின் மேல் மட்டும். உலோக முனையில் ஈரம் படக் கூடாது. விஜயதசமி காலையில் எஃப்12-ஐ அழுத்தி, முதல் பூட் அதிலிருந்துதான்.