ஸ்லெப் வெடிக்கும் முன்பே தெரியுமா?

திம்புள்ள, லிந்துலை, தலவாக்கலைப் பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை பகலில் காய்ந்த காற்று, இரவில் கடுங்குளிர். திம்புள்ளத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் பருவம் இது. மழையில்லாக் காலம் என்று வீட்டுக்கு ஸ்லெப் போடுவோரும் இதையே தெரிவு செய்கிறார்கள். ஆனால், தேயிலைக்கு நல்லதான இந்தக் காற்று ஈரக் கொங்கிரீட்டுக்கு ஆகாது.

கணவரோ பிள்ளையோ மத்திய கிழக்கில் வருடக்கணக்காக உழைத்து அனுப்பிய பணம் ஒரே நாளில் கொங்கிரீட்டாகிறது. மறுநாள் ஏறிப் பார்த்தால் மேலெல்லாம் கீறல் கீறலாக வெடிப்புக்கள். "சீமெந்து சரியில்லை" என்பார் மேசன் பாஸ். பெரும்பாலும் சீமெந்தின் மீது பழி வீண்தான்!

புதிதாகப் பரப்பிய கொங்கிரீட்டின் உள்ளிருந்து நீர் மேலே கசியும். அது வரும் வேகத்தைவிடக் காற்று அதை வேகமாகக் குடித்துவிட்டால் மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும். இறுகிய கொங்கிரீட்டே, அழுத்தத்தைத் தாங்குவதில் பத்திலொரு பங்கு அளவுக்குத்தான் இழுவையைத் தாங்கும். முதல் சில மணி நேரத்தில் அதுவும் இல்லை.

இதை முன்கூட்டியே கணிக்கப் பொறியியலாளர்களிடம் ஒரு வரைபு உண்டு. காற்றின் வெப்பநிலை, ஈரப்பதன், வேகம், கொங்கிரீட்டின் சூடு ஆகிய நான்கையும் வைத்து, ஒரு சதுர மீற்றரிலிருந்து மணிக்கு எவ்வளவு நீர் ஆவியாகும் என்று பார்ப்பார்கள். 1 கிலோவை நெருங்கினால் வெடிப்பை எதிர்பார்க்கலாம். குளிர்ப் பிரதேசம்தானே என்று இருந்துவிட முடியாது. காற்று குளிர்ந்து, கொங்கிரீட் சூடாக இருந்தால் ஆவியாதல் கூடுமே தவிரக் குறையாது.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு வரைபு வேண்டாம், துணிக்கொடி போதும். காலையில் போட்ட துணி லுஹருக்குள் காய்ந்து படபடக்கும் நாளில் ஸ்லெப் வேண்டாம். தள்ளிப்போட முடியாதென்றால் சுபஹுக்குப் பின் காற்றெழுமுன் தொடங்கி, மட்டம் செய்யச் செய்யப் பொலித்தீனால் மூடச் சொல்லுங்கள். பிறகு ஏழு நாளாவது ஈரச் சாக்கு. வேலை இலகுவாகட்டுமென்று கலவையில் தண்ணீரைக் கூட்ட விடவே கூடாது.

கம்பி வெடிப்பைத் தடுக்காது. பல மெல்லிய கீற்றுக்களாகப் பிரித்துவிடும், அவ்வளவே. ஆகவே, அதே நிறைக் கம்பியில் மெல்லியதை நெருக்கமாகக் கட்டுவது நல்லது. வரைபடம் போடும்போதே பொறியியலாளரிடம் இதைக் கேளுங்கள். வீடுகளுக்கு 0.3 மில்லிமீற்றர் வரையான கீற்றை விதிநூல்களே அனுமதிக்கின்றன.

சுவரில் சாய்வாக ஓடி, மழைக்குப்பின் அகலும் வெடிப்போ வேறு சாதி. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால், கதவு இறுகினால், முற்றமும் பிளந்தால், அசைவது மலையாக இருக்கலாம். மேசனைத் தேடாமல் பிள்ளைகளோடு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.