எண்ணெய்க் கிணற்றின் அடியில் எழும் அதிர்வுகள்
மன்னார்ப் படுகையில் 2011ஆம் ஆண்டு இயற்கைவாயு கண்டறியப்பட்ட டொராடோக் கிணறு, 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுடைய கடலில் துளைக்கப்பட்டதாகும். இத்தகைய கிணறுகளில் துளைமுனை மேலும் கீழுமாகத் துள்ளலாம். சிக்கி நின்று, திடீரென விடுபட்டுச் சுழலலாம். குழாய் பக்கவாட்டில் கிணற்றுச் சுவரில் மோதலாம். முதலிரண்டும் மேடையில் அளக்கப்படும் பாரத்திலும் முறுக்கத்திலும் ஓரளவு புலப்படும். மூன்றாவதோ நீண்ட குழாயின் வழியே தேய்ந்து, மேலே எட்டுவதில்லை. பெரும்பாலும் கருவிகளைச் சிதைப்பது அதுவே.

ஆகவே, துளைமுனைக்கு அண்மையில் ஆர்முடுகல்மானிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றின் செய்தி, குழாயினுட் பாயும் சேற்றுத்திரவத்தில் அமுக்கத் துடிப்புகளாக மேலே வருகிறது. இவ்வழியே செக்கனுக்கு மிகச் சில இலக்கங்களே அனுப்பவியலுமாதலால், கருவி அடியிலேயே கணித்து, அதிர்வின் கடுமையை மட்டும் அறிவிக்கும். அதற்கேற்பச் சுழற்சி வேகமும் துளைமுனைமீதான பாரமும் மாற்றப்படும். கடலடி வளம் நாட்டு மக்களின் உடைமையெனின், இவ்வளவீடுகளைப் படித்துணரும் அறிவும் நம்மவர்க்கு உரியதாதல் வேண்டும்.