ஊசி போடுவதா, விடுவதா?

ஒவ்வொரு ஒக்டோபரிலும் எமது தொழிற்சாலையில் வரவு பதியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டப்படும். தொழிற்சாலை வைத்தியர் இன்ன திகதியில் வருவார், இன்புளுவன்சாத் தடுப்பூசி இலவசம், விரும்பியவர்கள் பெயர் எழுதலாம். சென்ற தடவை அதன் முன்னால் நாங்கள் மூன்று தமிழர்கள் நின்றோம். ஒருவர், 'இது நாங்கள் லீவெடுக்காமல் வேலை செய்யவேணும் எண்டு முதலாளி போடுற ஊசி' என்றார். மற்றவர், 'போன வருசம் போட்டுத்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது' என்றார். ஒருகாலத்தில் விரிவுரை மண்டபத்தில் புள்ளிவிபரவியல் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை. இரவு வேலைகளுக்கிடையில் தேடிப் படித்ததை இங்கு தருகிறேன். நான் வைத்தியனல்ல. கணக்குப் பார்க்கத் தெரிந்தவன், அவ்வளவே.

முதலில் இரண்டாமவரின் முறைப்பாடு. இங்கு பெரியவர்களுக்குப் போடப்படும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகவே அது இன்புளுவன்சாவை உண்டாக்க முடியாது. கை நோவும் ஓரிரு நாள் உடம்பு உளைவும் சிறு காய்ச்சலும் வரலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு கிழமை வரை செல்லும். அதற்கிடையில் தொற்றினால் ஊசி உதவாது. தடிமனை உண்டாக்கும் வேறு கிருமிகளும் அதே குளிர்காலத்தில்தான் உலாவுகின்றன.

ஆனால் ஊசி போட்டும் இன்புளுவன்சா வருவதுண்டு என்பது உண்மை. எந்த வகைக் கிருமி பரவும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்னரே ஊகித்துத்தான் மருந்து தயாரிக்கிறார்கள். நன்கு பொருந்திய வருடங்களிலும் அது தரும் பாதுகாப்பு 40 முதல் 60 சதவீதம் வரையே. பொருந்தாமற் போனதற்கு ஜேர்மனியிலேயே உதாரணமுண்டு. 2017-18 குளிர்காலத்தில் பெரும்பாலான நோய்க்காப்புறுதி நிறுவனங்கள் பணம் கொடுத்தது மூன்று வகைக் கிருமிகளுக்கெதிரான மலிவான ஊசிக்கு. அதில் பி பிரிவின் விக்ரோறியா வகை இருந்தது. பரவியதோ யமகட்டா வகை. இரண்டையும் கொண்ட நால்வகை ஊசி சந்தையில் இருந்தும், நிரந்தரத் தடுப்பூசி ஆணைக்குழு அதைப் பரிந்துரைத்தது 2018 ஜனவரியில்தான். அந்தக் குளிர்காலத்தில் இன்புளுவன்சாவால் இறந்தோர் ஏறக்குறைய 25,100 பேர் என ரொபேர்ட் கொக் நிறுவனம் மதிப்பிட்டது. பிந்திய கதை இன்னும் விசித்திரமானது. 2020 மார்ச்சுக்குப் பின் யமகட்டா வகை உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. அதனால் 2025-26 பருவத்திலிருந்து இங்கு மீண்டும் மூவகை ஊசியே போடப்படுகிறது.

இனிக் கணக்கு. ஆரோக்கியமான பெரியவர்களைப் பற்றிய பரிசோதனைகளைத் தொகுத்து கொக்றேன் ஆய்வுக் குழுவினர் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஊசி போடாத ஆயிரம் பேரில் 23 பேருக்கு ஒரு பருவத்தில் இன்புளுவன்சா வருகிறது. போட்ட ஆயிரம் பேரில் 9 பேருக்கு. 'அறுபது வீதம் குறைகிறது' என்று விளம்பரம் செய்யலாம். 'ஒருவரைக் காக்க எழுபத்தொரு பேருக்குப் போடவேண்டும்' என்று எதிர்ப்பாளர் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்குத்தான். எந்தப் பாதியை எவர் எமக்குச் சொல்கிறார் என்பதைக் கவனிக்கப் பழகவேண்டும். மறுபக்கத் தட்டில், நரம்புகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கியாம்-பாரே நோய் பத்து இலட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ மேலதிகமாக வரக்கூடும்.

முப்பது வயது ஆரோக்கியமான ஒருவருக்கு இன்புளுவன்சா என்பது பெரும்பாலும் ஒரு கிழமைப் படுக்கை. அவர் போடாமல் விட்டால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆணைக்குழுவும் அவரை வற்புறுத்தவில்லை. அறுபது வயதைக் கடந்தோர், கர்ப்பிணிகள், சலரோகம், இருதய நோய், ஆஸ்துமா முதலிய நீண்டகால நோயுள்ளோர், மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்வோர் ஆகியோருக்கே அது முக்கியமாகப் பரிந்துரைக்கிறது. இவர்களுக்கோ இவர்களைச் சுற்றியுள்ளவர்களுக்கோ அதே ஒரு கிழமை நியுமோனியாவில் முடியலாம். எம்மவரில் ஐம்பதைத் தாண்டியவர்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் சலரோகக் குளிசை போடுகிறோம்? எத்தனை பெண்கள் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள்? 'எனக்கு வருத்தமில்லை' என்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருதரம் வாசிக்கவேண்டும்.

இப்போது முதலாமவரின் சந்தேகம். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. மருந்துக் கம்பனிகள் தர்மத்துக்கு மருந்து செய்வதில்லை. அரசுகளும் தவறு செய்திருக்கின்றன. 1930இல் லூபெக் நகரில் கசநோய்த் தடுப்பு மருந்தில் ஆய்வுகூடத்திலேயே உயிர்க்கொல்லிக் கிருமி கலந்துவிட, எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. 1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றாகும் என்றஞ்சி ஏறக்குறைய நாலரைக் கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். பெருந்தொற்று வரவில்லை. இலட்சத்தில் ஒருவர் அளவில் கியாம்-பாரே நோய்தான் மேலதிகமாக வந்தது. 2009இல் மீண்டும் பன்றிக்காய்ச்சல் வந்தபோது ஜேர்மன் பொதுமக்களுக்குத் துணைப்பொருள் சேர்த்த பண்டெம்றிக்ஸ், மத்திய அரச ஊழியர்களுக்கு அது சேர்க்காத செல்வபான் என்று ஏற்பாடாகி, பெரும் கண்டனம் எழுந்தது. அடுத்த வருடமே பின்லாந்திலும் சுவீடனிலும் பண்டெம்றிக்ஸ் போட்ட பிள்ளைகள் சிலரிடம் பகலில் அடக்கமுடியாமல் உறங்கிவிழும் நோய் கண்டறியப்பட்டது. இன்றைய பருவகால ஊசிகளில் அந்தத் துணைப்பொருள் இல்லை.

இவற்றை மறைப்பவர்கள்தான் தடுப்பூசிக்கு உண்மையான எதிரிகள். ஆனால் இவற்றை நாம் எப்படி அறிந்தோம்? பதிவு செய்ததாலும் எண்ணிப் பார்த்ததாலும் வழக்காடியதாலும். 1953இல் ஜேர்மன் உச்ச நீதிமன்றம், சமூக நன்மைக்காகப் போட்ட ஊசியால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை இன்றும் சட்டத்தில் உண்டு. முதலாளிக்கு இலாபம் என்பதாலேயே ஒன்று தொழிலாளிக்கு நட்டமாகிவிடாது. பாதுகாப்புச் சப்பாத்தையும் முதலாளிதான் தருகிறார்.

அரசின் சுயநலமும் அப்படித்தான். 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புகலிடம் கோருவோருக்கான உதவிச் சட்டம், எம்மைப் போன்றோருக்குக் கடும் நோய்க்கும் நோவுக்கும் மட்டுமே வைத்தியம் என்று சுருக்கியது. அதே சட்டம் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளை மட்டும் உறுதிசெய்யச் சொன்னது. கிருமி விசா பார்ப்பதில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். எமது நாட்டில் 1990களின் நடுப்பகுதியில் போலியோ சொட்டு மருந்துக்காக யுத்தமே சில நாட்கள் ஓய்ந்ததை நாம் மறக்கலாகாது.

இறுதியாக, எமக்கே உரிய விடயம்: ஊருக்குப் போவது. ஜேர்மன்காரர் இலங்கைக்கு உல்லாசப் பயணம் போகுமுன் வைத்தியரிடம் போகிறார். நாம் போவதில்லை. 'எங்கட மண், எங்கட தண்ணி, எங்களுக்கு என்ன செய்யும்?' என்கிறோம். சென்ற கோடையில் ஊருக்குப் போய்வந்த நண்பரொருவரின் மகளுக்கு நாலாவது கிழமை கண் மஞ்சளானது. செங்கமாரி. ஈரல் அழற்சி ஏ வகை. தகப்பனுக்கு ஒன்றுமில்லை. அவர் சிறு பிள்ளையாகக் கிணற்றடியில் வளர்ந்தபோதே அது தெரியாமல் வந்துபோயிருக்கும். மகள் இங்கு பிறந்தவள். எமது உடம்பின் ஞாபகம் பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போவதில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு ஈரல் அழற்சி ஏ ஊசி அவசியம் என்பதே என் முடிவு. பயணத்துக்குச் சற்று முன் போட்டாலும் பயனுண்டு. ஆறு மாதத்தின் பின் இரண்டாவது ஊசி நீண்டகாலப் பாதுகாப்புத் தரும். நெருப்புக் காய்ச்சல் ஊசியின் பாதுகாப்பு அரைகுறையே. கொதித்தாறிய தண்ணீரை அது பதிலீடு செய்யாது. மாதக்கணக்கில் கிராமத்தில் நிற்பவர்கள் விசர்நாய்க்கடி ஊசியையும், வயற்புறத்தில் நிற்பவர்கள் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியையும் வைத்தியருடன் பேசவேண்டும். முன்கூட்டிப் போட்டிருந்தாலும் நாய் கடித்தால் மீண்டும் ஊசி வேண்டும். மலேரியாக் குளிசை இலங்கைக்குத் தேவையில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று அதற்குச் சான்றளித்துவிட்டது. பயங்களும் பழசாகும்.

டெங்குதான் சிக்கல். 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு அது வந்தது. ஊசி உண்டு. ஆனால் முன்னர் டெங்கு வந்தது ஆய்வுகூடத்தில் உறுதியானவர்களுக்கு மட்டுமே ஜேர்மன் ஆணைக்குழு அதைப் பரிந்துரைக்கிறது. டெங்கு நான்கு வகை. இரண்டாம் முறை வருவதே பெரும்பாலும் ஆபத்தானது. வேறொரு டெங்கு ஊசியைப் பிலிப்பைன்சில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டபின், முன்னர் டெங்கு வராதவர்களுக்கு அது நோயைக் கடுமையாக்கலாம் என்று 2017இல் கம்பனியே அறிவித்தது. அந்த அனுபவத்தின் பின்னரே இவ்வளவு நிதானம். மற்றவர்களுக்கு நுளம்பு வலைதான் ஊசி.

பயண ஊசிகளுக்குப் பணம் கொடுக்க நோய்க்காப்புறுதிகளைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பல தாமாகவே கொடுக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும்.

அறிவித்தலில் நான் பெயர் எழுதினேன். ஐம்பத்தேழு வயது, சலரோகம்: என் கணக்குச் சுலபமானது. காய்ச்சல் வந்த நண்பரும் எழுதினார். மற்றவர் எழுதவில்லை. அவருக்கு முப்பத்திரண்டு வயது, நோயில்லை, வீட்டில் முதியவர்களும் இல்லை. அவருடைய கணக்குப் பிழையென்று என்னால் சொல்லமுடியவில்லை. ஆனால் கோடையில் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறாராம். அந்தக் கணக்கை இன்னும் போடவில்லை என்றார். அதை நாங்கள் இருவரும் சேர்ந்து போடவிருக்கிறோம். இவ்விடயத்தில் மாறுபடுவோரும், குறிப்பாக எம்மிடையே உள்ள வைத்தியர்களும், எழுதவேண்டும்.