முரசொலித்த மூலிகைத் தோட்டம்

சுவீடன் நாட்டு உப்சாலா நகரில், 1655-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. 1730-ஆம் ஆண்டு மே திங்களில், பேராசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் மாணவர் ஒருவர் நின்று, செடிகளின் நடுவே விரிவுரையாற்றத் தொடங்கினார். கேட்க வந்தோர் பல வேளைகளில் 300 பேர். அம்மாணவரே கார்ல் லின்னேயஸ்.

அதற்கு முந்திய ஆண்டில், அதே தோட்டத்தில் மலர்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவ்வேழை இளைஞரைக் கண்டவர் இறையியல் பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ். விவிலியம் கூறும் செடிகொடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய அறிஞர் அவர். இளைஞரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்து ஆதரித்தார். பூக்களிலும் ஆண், பெண் உறுப்புகள் உண்டென விளக்கி லின்னேயஸ் எழுதிய சிறு கட்டுரையைக் கண்டு வியந்த முதிய பேராசிரியர் ருட்பெக், தோட்ட விரிவுரைகளை அவரிடமே ஒப்படைத்தார்.

1741-இல் லின்னேயஸ் தாமே பேராசிரியரானார். தோட்டத்து வேலிக்குள் மட்டும் அவருடைய பாடம் அடங்கவில்லை. கோடையில் நூற்றுக்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டு, நகரைச் சுற்றி அவரே வகுத்த எட்டு வழிகளில் காலை முதல் அந்திவரை நடப்பார். குறிப்பெழுத ஒருவர், ஒழுங்கு காக்க ஒருவர், பறவைகளைச் சுட்டு வீழ்த்தச் சிலர் எனப் பணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஓய்விடங்களில், திரட்டிய செடிகளையும் பூச்சிகளையும் வைத்து அவர் விளக்குவார். மாலையில் முரசும் கொம்பும் முழங்க ஊர்வலமாகத் தோட்டத்துக்குத் திரும்பி, வாழ்த்தொலி எழுப்பிய பின்னரே கலைந்து செல்வர்.

கல்விக்கு இத்துணை ஆரவாரம் தகுமோ என்று மேலோர் சிலர் முகஞ்சுளித்தனர். 1748-ஆம் ஆண்டளவில் கண்டனம் வலுத்தது, முரசு ஓய்ந்தது. நாம் அம்மேலோரின் பக்கம் நிற்க இயலவில்லை. நம் பிள்ளைகளும் சுற்றுலா செல்கின்றனர். பேருந்தில் பாடிக்கொண்டே சென்று, வழியில் நின்ற ஒரு மரத்தின் பெயரும் அறியாமல் திரும்புகின்றனர். உப்சாலாவில் பாட்டும் இருந்தது, பாடமும் இருந்தது.

ஆனால் அந்த ஆர்வத்துக்குக் கொடுத்த விலை சிறிதன்று. செடி தேடித் தொலைநாடுகளுக்குச் சென்ற அவருடைய மாணவர் பலர் வீடு திரும்பவில்லை. அவர்களுள் முதல்வரான தேர்ன்ஸ்ட்ரோம், 1746-இல் வியட்நாமுக்குத் தெற்கேயுள்ள தீவொன்றில் மாண்டார். மனைவி மக்களை விட்டுச் சென்றவர் அவர். கைம்பெண்ணின் பழிச்சொல் லின்னேயஸின் நெஞ்சைத் தைத்தது. பின்னர் மணமாகாதவரையே அனுப்பலானார்.

1787-இல் பல்கலைக்கழகத் தோட்டம் வேறிடம் பெயர்ந்தது. பழைய தோட்டம் பாழாயிற்று. 1917-இல் தோன்றிய சுவீடன் லின்னேயஸ் சங்கம் அதனை 1745-ஆம் ஆண்டு வரைபடப்படி மீண்டும் அமைத்தது. இன்று கோடையில் அங்கு விளக்கவுரையோடு சுற்றி வரலாம். அந்த எட்டு வழிகளும் அடையாளமிடப்பட்டுள்ளன, விரும்புவோர் நடக்கலாம்.

உப்சாலாவில் பயின்றோருள் கோனிக் என்னும் மருத்துவர் 1768-இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து சேர்ந்தார். இங்கிருந்து செடிகளைத் தம் ஆசானுக்கு அனுப்பினார். 1771-இல் லின்னேயஸ் ஒரு செடிக்கு அவர் பெயரையே சூட்டினார். நம் இல்லத்தரசியர் அன்றாடம் தாளிப்பில் கிள்ளிப் போடும் கறிவேப்பிலைதான் அது.