மூன்று நிமிடத்துக்குள் நுரை: விமான நிலையத் தீயணைப்பு வண்டி கும்மிடிப்பூண்டிக்குச் சொல்லும் பாடம்

2025 ஜூலை 13, ஞாயிறு அதிகாலை. டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் திருவள்ளூர் அருகே தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர்கள் எரிந்தன. பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வீட்டுச் சமையல் சிலிண்டர்களும் அப்புறப்படுத்தப்பட்டன. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் போராடித் தீயை அடக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

எரிபொருள் இப்படி ஆறாக ஓடி எரியும் தீக்கென்றே ஆண்டு முழுவதும் ஆயத்தமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு: விமான நிலையத் தீயணைப்பு நிலையம். அங்கே நிற்கும் ராட்சத வண்டிகள் எப்படி வேலை செய்கின்றன, அவற்றை இயக்கும் விதிகள் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால், கும்மிடிப்பூண்டி போன்ற நம் தொழிற்பேட்டைகளில் எது குறைகிறது என்பது விளங்கும்.

தண்ணீர் ஏன் போதாது?

அடுப்பில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். டீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் அதே கதைதான். இரண்டும் தண்ணீரைவிட லேசானவை. தண்ணீர் அடியில் போய்விடும். எரிபொருள் மேலே மிதந்தபடி எரிந்துகொண்டே பரவும். டேங்கரின் உடலைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் எரியும் பரப்பை மூடி, காற்றைத் தடுத்து, ஆவி எழாமல் அமுக்குவது நுரைதான். 100 லிட்டர் கரைசலில் 3 அல்லது 6 லிட்டர் நுரைத் திரவம் இருக்கும், மீதி தண்ணீர்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆஸ்திரியாவின் ரோசன்பாவர் நிறுவனம் தயாரிக்கும் ‘பாந்தர்’ இவ்வகையில் உலகறிந்த வண்டி. இதன் ஆறு சக்கர வகை 10,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமக்கும். கூடவே நுரைத் திரவத்துக்குத் தனித் தொட்டி. மின்சாதனங்களிலும் என்ஜினிலும் பிடிக்கும் தீக்கு உலர் ரசாயனத் தூள்.

சாதாரண தீயணைப்பு வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கி, குழாயை விரித்த பிறகுதான் தண்ணீர் பாயும். இந்த வண்டி ஓடிக்கொண்டே நுரை அடிக்கும். கூரையில் உள்ள பீரங்கி போன்ற குழல்முனையை, கேபினுக்குள் உட்கார்ந்தபடியே ஒரு கைப்பிடியால் திருப்பலாம். முன்பம்பரில் இன்னொரு குழல் தரையோடு தரையாக நுரையைத் தள்ளும். எரிபொருள் சிந்திய தரையில் வண்டியே பற்றிக்கொள்ளாமலிருக்க அடிப்பாகத்திலும் குழல்கள் உண்டு. ஓடுபாதையை விட்டு இறங்கி மண்ணிலும் சேற்றிலும் ஓடும். இத்தனை எடையோடு, நின்ற நிலையிலிருந்து 40 விநாடிக்குள் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். உச்ச வேகம் குறைந்தது 100 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டி.

விதியின் உயிர்நாடி நேரம்

அழைப்பு வந்த நொடியிலிருந்து மூன்று நிமிடத்துக்குள், முடிந்தால் இரண்டே நிமிடத்தில், முதல் வண்டி ஓடுபாதையின் எந்த மூலைக்கும் போய் நுரை அடிக்கத் தொடங்க வேண்டும். காரணம் இதுதான்: விமானத்தின் அலுமினிய உடல் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகும். எரிபொருள் தேங்கி எரியும்போது வெப்பம் அதைத் தாண்டும். தீ உள்ளே நுழையச் சில நிமிடங்கள் போதும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதும் விமானத்தின் நீள அகலத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. போயிங் 777 போன்ற பெரிய விமானம் வந்துபோகும் நிலையம் ஒன்பதாம் பிரிவில் வரும். அங்கே மூன்று வண்டிகள் வேண்டும். பரவலாகப் பயன்படும் நுரை வகைக்கு 24,300 லிட்டர் தண்ணீர் வேண்டும். நிமிடத்துக்கு 9,000 லிட்டர் கரைசலைப் பாய்ச்சும் திறன் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: மூன்று நிமிடம் ஆவதற்குள் அத்தனையும் காலி. விமானத்தை மீட்பது இதன் நோக்கமல்ல. பயணிகள் இறங்கி ஓடும் வழியில் தீ வராமல் பிடித்து நிறுத்துவதே முதல் கடமை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறிவிட்டார்கள்; விமானம் எரிந்து சாம்பலானது. மோதிய மற்ற விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள்.

மீனம்பாக்கம் விமான நிலைய வண்டியை அனுப்பலாமா?

பெரிய தீ என்றதும் எழும் கேள்வி இது. விமான நிலையத்தில் தீயணைப்புத் திறன் குறைந்தால் அதன் பிரிவும் இறங்கும். பெரிய விமானங்களுக்குக் கட்டுப்பாடு வரும். அதனால் அந்த வண்டிகளை நினைத்தபடி வெளியே அனுப்ப முடியாது. அனுப்பினாலும், மீனம்பாக்கத்திலிருந்து சென்னை நகரத்தைத் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரி நெரிசலுக்குள் புகுந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும்போது முதல் மூன்று நிமிடம் எப்போதோ கடந்திருக்கும். வடக்குப் பகுதிக்கான ஏற்பாடு வடக்கிலேயே இருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்கு என்ன வேண்டும்?

இந்தியாவில் தீயணைப்பு வண்டி வந்துசேர, நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும் நேரம் நகரத்தில் 5 முதல் 7 நிமிடம், கிராமத்தில் 20 நிமிடம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் தேர்வாய் கண்டிகையும் கிராமங்களுக்கு நடுவே இருக்கின்றன. அங்குள்ள ஆபத்தோ நகரத்துக்கு நிகரானது. தொழிற்பேட்டையைக் கிராமக் கணக்கில் வைப்பது தொழிலாளியின் உயிரோடு விளையாடுவதாகும். பேட்டைகளுக்குத் தனி நேர வரம்பு வேண்டும்.

ஆபத்துக்கு ஏற்ற கருவியும் வேண்டும். எரிபொருள் கிடங்குக்கு நுரை வண்டி சரி. உருக்காலையில் உருகிய இரும்பின் மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆகவே எந்த ஆலையில் என்ன இருக்கிறது என்ற பட்டியல், வாசலுக்கு வருமுன்பே தீயணைப்பு அலுவலரின் கையில் இருக்க வேண்டும். அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்குள் ஒன்றும் மாவட்ட அளவில் ஒன்றுமாக இரண்டு அவசரத் திட்டங்களைக் கேட்கின்றன. அவை கோப்பில் தூங்கக் கூடாது. கடிகாரத்தை வைத்து ஒத்திகை பார்த்து, எத்தனை நிமிடமானது என்பதை ஊருக்கும் சொல்ல வேண்டும்.

நுரையிலும் கவனம் தேவை. நீண்ட காலம் பயன்பட்ட நுரைகளில் எளிதில் அழியாத ஃபுளூரின் சேர்மங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஎஸ் 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழவேற்காடு ஏரியை ஒட்டி வாழும் நாம் ஃபுளூரின் இல்லாத நுரையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று நிமிடக் கணக்கு பணக்கார நாடுகளின் சொகுசு அல்ல. நம் நாட்டு விமான நிலையங்களும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவைதான். விமானப் பயணிக்கு நிமிடக் கணக்கில் உறுதியளிக்கும் நாடு, இரவுப் பணியில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவருக்கும் நிமிடக் கணக்கைச் சட்டத்தில் எழுதித் தரவேண்டும். அதற்கான வண்டியும் நுரையும் ஆட்களும் அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்து வந்தே ஆக வேண்டும்.