கடற்கரையில் வந்து சேர்ந்த சிறுவன்

நாளிதழின் நான்கு கட்டங்கள் – 9

‘பீனட்ஸ்’ சித்திரத் தொடரின் ரசிகர்களுக்குள் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு சாப்பாட்டு மேசையைப் பற்றிப் பேச்சு எழும். 1973-இல் தொலைக்காட்சியில் வந்த தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக் கார்ட்டூன் படத்தில் தொடரின் நாயகன் சார்லி பிரவுனும் நண்பர்களும் விருந்துக்கு உட்கார்கிறார்கள். மேசையின் ஒரு பக்கம் முழுவதிலும் ஃபிராங்க்ளின் மட்டும். அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான் கறுப்பினச் சிறுவன். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். வேண்டுமென்று செய்யாவிட்டாலும் கண்ணை உறுத்துகிறதே என்பார்கள் மற்றவர்கள். இணையத்தில் இந்தப் பேச்சு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும்.

இதை வேலையற்ற பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் ஃபிராங்க்ளின் பிறந்ததே வாசகர் பேச்சில்தான்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினோரு நாள் கழித்து, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வாழ்ந்த ஹாரியட் கிளிக்மன் என்ற ஆசிரியை, ‘பீனட்ஸ்’ வரைந்துவந்த சார்லஸ் ஷூல்ஸுக்குக் கடிதம் எழுதினார். வெறுப்பும் அச்சமும் மண்டிய நாட்டில், கோடிக்கணக்கானோர் தினமும் பார்க்கும் இந்தத் தொடரில் கறுப்பினக் குழந்தைகளும் இடம்பெற்றால் நல்லது என்பது அவர் வேண்டுகோள்.

ஷூல்ஸ் மறுக்கவில்லை, தயங்கினார். செய்ய ஆசைதான், ஆனால் கறுப்பின மக்களுக்கு ஏதோ சலுகை காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று பதில் எழுதினார். கிளிக்மன் அதோடு விடவில்லை. அந்தப் பதிலைத் தன் கறுப்பின நண்பர்களிடம் காட்ட அனுமதி கேட்டார். அவர்களில் ஒருவரான கென்னத் கெல்லி, இரண்டு பிள்ளைகளின் தந்தை, ஷூல்ஸுக்கு எழுதினார்: அந்தக் குழந்தையைப் பெரிய நாயகனாக்க வேண்டாம், அன்றாடக் காட்சி ஒன்றில் கூட்டத்தோடு கூட்டமாக வந்துபோகட்டும். சலுகை காட்டுகிறார் என்ற பழி வந்தாலும், கிடைக்கும் நன்மைக்கு அது சிறிய விலைதான்.

தினத்தொடரை வரைந்து அனுப்பினால் அச்சேறப் பல வாரங்கள் ஆகும். ஏப்ரலில் தொடங்கிய இந்தப் பேச்சு 1968 ஜூலை 31 அன்று நாளிதழில் வந்தது. கடலில் போய்விட்ட சார்லி பிரவுனின் பந்தை ஒரு சிறுவன் எடுத்துவந்து கொடுக்கிறான். இருவரும் சேர்ந்து மணல்கோட்டை கட்டுகிறார்கள். அவன் அப்பா வியட்நாமில் இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிகிறது. நிற வேற்றுமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கெல்லி கேட்டது அப்படியே நடந்தது.

பின்னர் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு அவன் ஒரே வகுப்பில் உட்கார்ந்ததைத் தென் மாநிலப் பத்திரிகையாசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். ஷூல்ஸ் பொருட்படுத்தவில்லை. ஃபிராங்க்ளின் வகுப்பிலேயே இருந்தான்.

வாசகர் பேச்சு எப்போதும் சேர்க்கவே செய்யும் என்று சொல்ல முடியாது. 1954 இறுதியில் ஷூல்ஸ் அறிமுகப்படுத்திய சத்தக்காரச் சிறுமி சார்லட் பிரானைப் பிடிக்கவில்லை என்று ஒரு வாசகி எழுதினார். ஷூல்ஸ் ஒப்புக்கொண்டு, தலையில் கோடரி பாய்ந்த சார்லட்டின் படத்தோடு பதில் அனுப்பினார். பத்தே நாள் தொடர்களோடு அவள் மறைந்தாள். அந்தக் கடிதம் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

நாவல் நம் கைக்கு வரும்போது எழுதி முடிந்திருக்கும். தினத்தொடருக்கு நாளையும் உண்டு. அதனால்தான் அதன் வாசகர் உரிமையோடு பேசுகிறார், படைப்பவரும் காதுகொடுக்கிறார். ஷூல்ஸ் 2000 பிப்ரவரியில் காலமானார்; அவருடைய கடைசித் தொடர் மறுநாள் வந்தது. பேச்சு மட்டும் ஓயவில்லை. 2024-இல் வெளிவந்த ஃபிராங்க்ளினைப் பற்றிய கார்ட்டூன் படத்தில், தனியாக உட்கார்ந்திருக்கும் அவனைத் தங்கள் பக்கம் வந்து உட்காரும்படி சார்லி பிரவுனின் நண்பன் லைனஸ் அழைக்கிறான். அதை எழுதியவர்களில் ஒருவர், ‘ஜம்ப்ஸ்டார்ட்’ தொடரை வரையும் கறுப்பினக் கலைஞர் ராப் ஆம்ஸ்ட்ராங். ஃபிராங்க்ளினின் குடும்பப் பெயரும் ஆம்ஸ்ட்ராங்தான். அவரிடம் கேட்டு ஷூல்ஸே வைத்த பெயர் அது.

ஒரு கார்ட்டூன் சிறுவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தான் என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கிளிக்மன் 1968-இல் கேட்டதும் அவனுக்கான இடத்தைத்தான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1945-இல் நியூயார்க்கில் நாளிதழ் விநியோகம் நின்றபோது, மேயர் லா கார்டியா வானொலியில் சித்திரத் தொடர்களை வாசித்துக் காட்டிய கதை.